மடித்துக் கட்டிய வேட்டி

நாடாவை இறுக்கினால் வயிற்றை அறுக்கிறது, தளர்த்தினால் பாரம் தாங்காமல் வலது பக்கம் இறங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்குவம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நேற்று அகப்பட்ட இடத்தில் அது இன்றைக்கு இருப்பதில்லை. திருமலைக்கொழுந்து அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பனியனும் பட்டாபட்டி டிராயருமாக நின்று முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். வலது தொடையில் பை. பைக்குள் தோலுறை. தோலுறைக்குள் அது. அதற்குப் பெயர் உண்டு, லைசென்ஸில் நம்பரோடு எழுதியிருக்கிறது, ஆனாலும் இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அவர் வாய்விட்டுப் பிஸ்டல் என்று சொன்னதில்லை. மதுரையில் கடைக்காரரிடம் கேட்டபோதும் ஒரு சாமான் வேணும் என்றுதான் கேட்டார். வன்னியூத்து பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்துத் தலை நரைத்தவருக்கு எல்லாமே சாமான்தான். கண்ணாடியில் நின்ற ஆளைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. தொந்தியும் நரைத்த நெஞ்சுமாக, கோடு போட்ட டிராயரில், ஒரு தொடை மட்டும் புடைத்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் சேர்ந்து சிரித்திருப்பார். தனியாக நின்று சிரிப்பது என்னவோ போலிருந்தது, விட்டுவிட்டார். இன்றைக்குக் கோர்ட். திருநெல்வேலியில் கூண்டில் ஏறி, இசக்கிராஜை வெட்டியவர்களைக் கை நீட்டிக் காட்ட வேண்டும். பஜாரில் அத்தனை கடை இருந்தது, அத்தனை கண் இருந்தது, பார்த்தேன் என்று சொன்னது இவர் ஒருவர்தான். இவர் போய்ச் சொன்னால் வழக்கு நிலைக்கும். போகாவிட்டால், அல்லது போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பையன் செத்தது செத்ததுதான். அதற்காகத்தான் இந்த முடிச்சு.

முடிச்சு நின்றது. இரண்டு எட்டு நடந்து பார்த்தார். பை தொடையில் இடித்தது, பரவாயில்லை, இடிக்காவிட்டால்தான் பயம். முதல் வாரத்தில் இந்த இடி பிடிபடாமல் விந்தி விந்தி நடந்தார், காலில் என்ன அண்ணாச்சி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்று. கடைக்காரர் சொன்னது சரிதான். பெரிதாக வாங்கியிருந்தால் இப்படித் தினமும் கட்டிக்கொண்டு திரிந்திருக்க முடியாது. மொய்தீன் பாய் என்று பெயர், மதுரையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கடை, எடுத்த எடுப்பில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "வீட்ல வைக்கவா சார், கூடவே வச்சுக்கவா?" கூடவே என்றார். "எந்நேரமுமா?" எந்நேரமும்தான். "அப்பப் பெருசு பக்கமே பாக்காதீங்க. பெருசு சுடுறதுக்கு நல்லாருக்கும், தூக்கிட்டுத் திரியுறதுக்கு ஆகாது. ஒரு வாரத்துல மேசைக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வந்துருவீங்க. மேசைக்குள்ள கெடக்குறது உங்களுக்கு எதுக்கு?" ரிவால்வரை எடுத்துக் காட்டினார், நடுவில் உருளை துருத்திக்கொண்டிருந்தது, எங்கே வைத்தாலும் துணிக்கு மேல் தெரியும் என்றார். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று இருந்தது, கொழுந்துவுக்கு அதன் மேல்தான் ஆசை, பாய் தலையை ஆட்டினார், ரொம்பச் சின்னது கையில் நிற்காது, சுண்டுவிரலுக்கு இடமில்லை பாருங்க, வெடிச்சதும் துள்ளும். அப்புறம்தான் இது வந்தது, தட்டையாக, குண்டு அளவு முப்பத்திரண்டு. கையில் எடுத்ததும் கை மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் பழக்கம் யாரை விட்டது, திருப்பிப் பார்த்து, அடியைப் பார்த்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வைத்துப் பார்த்தார், தகடு நல்ல கேஜா மட்டமான கேஜா, கனமா மெலிசா என்று. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இது தட்டிப் பாத்து வாங்குற பொருள் இல்ல." அவரும் சிரித்தார். மேல்பக்கத்துத் தகட்டைப் பின்னால் இழுக்க வரவில்லை. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மரத்துப்போய் வெகுநாளாயிற்று. விரலால் இழுக்காதீங்க, முழுக் கையால பிடிச்சு மத்தக் கையை முன்னால தள்ளுங்க என்று பாய் பின்னால் வந்து நின்று தோளைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் டீ வாங்கி வரச் சொன்னார். யாருக்குப் பயந்து வாங்குகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. அந்த மாடியில் உட்கார்ந்து குடித்த டீதான் வெளியில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து குடித்த கடைசி டீ. வீட்டுக்காரி ஓசூருக்குப் போன பிறகு குடித்ததெல்லாம் தானே போட்டு, தானே ஆற்றி, நின்றுகொண்டே குடித்தது.

யாருக்குப் பயந்து. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மணல்காரர்களுக்கு என்று சொல்லலாம், ஆற்றை அள்ளி விற்கிறார்கள் என்று இசக்கிராஜ் கலெக்டருக்கு மனு மேல் மனு எழுதியது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் பயந்தது ஒரு செம்புக்கு. பரணில் இருக்கிறது. கண்ணாடிக்கு நேர் மேலே, பழைய மெத்தைக்குப் பின்னால், துணி சுற்றி. பிரமுவுக்குத் தெரியாது, வீட்டுக்காரி பயப்படுவாளே என்று சொல்லவில்லை. போலீசில் பார்த்தேன் என்று சொன்ன பிறகு ஒரு மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் கடைக்கு வந்து ஒரு செம்பு எடுத்தான். விலை பேசினான், குறைத்துக் கேட்டான், பாவி, அதிலே பேரம் வேறு. பேர் வெட்டணும் அண்ணாச்சி என்றான். சொல்லுங்க என்று மெஷினைப் போட்டார். மெஷின் போட்டுவிட்டால் காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம், சொல்கிறவர் சொல்லச் சொல்லக் கை எழுதிக்கொண்டே போகும், மனசு அதில் இருக்காது, கல்யாணச் சீர் என்றால் ஒரு நாளைக்கு நூறு சாமானுக்கு வெட்டுகிற கை. அமரர் என்றான். வெட்டினார். திருமலை என்றான். இந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு திருமலை, திருமலையப்பன், திருமலைக்குமார், எத்தனையோ பேர், வெட்டினார். கொழுந்து என்றான். கை வெட்டியது. அமரர் திருமலைக்கொழுந்து நினைவாக. கை நின்றது 'நினைவாக'வின் கடைசி எழுத்தை முடித்த பிறகுதான். நிமிர்ந்து பார்த்தால் அவன் சிரிக்கக்கூட இல்லை. எழுத்து நல்லாருக்கு அண்ணாச்சி என்றான். துட்டை வைத்தான். "இங்கனயே இருக்கட்டும். விசேஷத்தன்னைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்." போய்விட்டான். தன் பேரைத் தானே அப்படி வெட்டிக்கொண்டவன் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பானா? அதிலும் அந்த 'ழு'வின் சுழி அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. கடையில் வைக்க மனசில்லை, உருக்கப் போட மனசில்லை, அரத்தால் தேய்க்கலாம் என்று எடுத்தால் கை வரவில்லை. கையை என்ன செய்ய. தலைக்கு மேலே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுத்தான் அவர் எஸ்.பி. ஆபீசுக்குப் போனதும், அங்கிருந்து லைசென்ஸுக்கு அலைந்ததும்.

சட்டையை மாட்டினார். சட்டைக்குள் வைக்கிற கதையெல்லாம் முதலிலேயே முடிந்துவிட்டது. பாய் கொடுத்த உறை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது, பேண்ட் போடுகிறவர்களுக்குச் செய்தது. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட்டைக் கட்டி அதில் மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் தொந்திக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டி மூச்சை முட்டியது. முதுகுப் பக்கம் தள்ளினால் நாற்காலியில் சாய முடியவில்லை. கணுக்காலில் கட்டுவது ஒன்று உண்டு என்று பாய் படம் காட்டியிருந்தார். வேட்டி கட்டுகிற ஊரில் கணுக்காலில் கட்டினால் ஊர்வலம் விடுவதற்குச் சமம். கடைசியில் அகப்பட்டது பட்டாபட்டி. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் நகை, சீட்டுப் பணம், பத்திரம் எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றிய பை. செருப்புத் தைக்கிறவரிடம் கெட்டித் தோலில் ஒரு உறை செய்தாயிற்று, விரல் படுகிற இடம் முழுக்க மூடியிருக்கிற மாதிரி, உறை இல்லாமல் பையில் போட்டுவிடாதீர்கள் என்று பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த உறை ஆடாமல் அசையாமல் நிற்கும்படி பை தைக்க வேண்டும். டெய்லர் மாசானத்திடம் சாமானைக் காட்ட முடியுமா? முடியாது. ரகசியம். அதனால் கொழுந்து என்ன செய்தார், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அதைப் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கத்தரித்து, அந்த அட்டையைக் கொண்டுபோய் மாசானத்திடம் கொடுத்தார். மாசானம் அட்டையை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். "இது என்னது அண்ணாச்சி?" பேர் வெட்டுற மெஷின் என்றார். "மெஷினப் போயி டிராயருக்குள்ள எதுக்கு வைக்கிய?" களவு போயிருது என்றார். மாசானம் கெட்டியான டக் துணி இரண்டு மடிப்புப் போட்டு, நல்ல நூலில், நாடாப் பட்டியைக் கூட அகலமாக வைத்து, சும்மா சொல்லக்கூடாது, அருமையாகத் தைத்துக் கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு வன்னியூத்தில் அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆள் யாராவது இருந்தால் அது வெளியூர்க்காரர்.

வேட்டியை எடுத்து உதறினார். கட்டிவிட்டுக் கீழே விட்டபடி நின்று பார்த்தார், கண்ணாடியில் பழைய கொழுந்து அண்ணாச்சி நின்றார், கரை கணுக்காலைத் தொட, கோயில் கமிட்டியில் உட்கார்ந்திருந்த கொழுந்து அண்ணாச்சி. இப்படியே போகலாமா? இன்றைக்கு ஒரு நாள்? கையை இறக்கிப் பையைத் தேடினார். துணி. இன்னும் துணி. குனிந்து, வேட்டியை மேலே திரட்டி, திரட்டியது நழுவ, மறுபடி திரட்டி, கை பைக்குள் போவதற்குள் வருகிறவன் வேலையை முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போய்விடுவான். மடித்துக் கட்டினார். இப்போது கை ஒரே போக்கில் உள்ளே போனது. எத்தனை தடவை செய்து பார்த்தாலும் இதே கணக்குத்தான். இறக்கி விட்டால் எட்டாது, மடித்துக் கட்டினால் எட்டும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு மனிதனுக்கு முன்னால் நிற்கலாம், வேலை செய்யலாம், நடக்கலாம், ஆனால் பெரியவர் ஒருத்தர் வந்தால், சாவு வீடு என்றால், சாமி வந்தால், கை தன்பாட்டில் மடிப்பை உதறி விட்டுவிட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வருகிறதா அது? இவர் கையைக் கட்டிப்போட்டு வைத்தார். சம்பந்தி கோவில்பட்டியிலிருந்து வந்தபோது வாசலில் முழங்கால் தெரிய நின்று வாங்க வாங்க என்றார். சம்பந்தி முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் போன பிறகு பிரமு ஆடிய ஆட்டம். "எட்டாதுடி" என்று சொன்னார், உண்மையைத்தானே சொன்னார். "சம்பந்தியா வந்து உங்கள வெட்டப் போறாரு?" என்று கேட்டாள். மகளுக்குச் சமாதானம் சொல்லப் போகிறேன் என்று ஓசூருக்குப் பஸ் ஏறியவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இன்றைக்கு விடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. "போகாதிய. வயித்து வலின்னு சொல்லிருங்க." வலிக்கலையே என்றார். "எனக்கு வலிக்கே" என்றாள். அந்தப் பக்கம் பேத்தி எதையோ கொட்டுகிற சத்தம் கேட்டது, பாத்திரம், தாமிர அடி போட்டது, சத்தத்திலேயே தெரிந்தது. சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை, அழுதுகொண்டு வைத்துவிட்டாள்.

வீட்டைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், தெருவில் இறங்கினார். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. முன்னால் பார், பின்னால் பார், பைக் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கு, கை சும்மா தொங்கட்டும், அவசரமாகப் போகாதே. இதெல்லாம் பாய் சொன்னதா இன்ஸ்பெக்டர் சொன்னதா, மறந்துவிட்டது. பாய் சொன்ன ஒன்றுதான் மறக்கவில்லை. அதை எடுக்காம இருக்குறதுக்குத்தான் சார் அதை வச்சிருக்கீங்க. நல்ல பேச்சு. ஆனால் எடுக்க வேண்டி வந்தால்? ஒரு பையனைப் பார்த்து, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், இந்த மரத்த கட்டைவிரலை வைத்துக்கொண்டு? தெரியாது. கோர்ட்டு வாசல் வரைக்கும்தான் இது, அங்கே காவலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வாசலிலிருந்து கூண்டு வரைக்கும் வெறும் கொழுந்து. டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். முன்பெல்லாம் இவர் வருவது தெரிந்தால் பெஞ்சில் ஒரு இடம் விழும், இளவட்டங்கள் எழுந்து மடிப்பை இறக்கி விடுவார்கள், என்ன அண்ணாச்சி சீக்கிரம் கிளம்பிட்டிய என்று ஒரு குரல் வரும். இப்போது எல்லாரும் பேப்பரைப் பார்த்தார்கள். ஒரு பேப்பர், அத்தனை பேர். துப்பாக்கி வந்ததும் அண்ணாச்சிக்கு மண்டக்கனம் வந்துட்டு, யாருக்கும் வேட்டிய எறக்க மாட்டேங்காரு, இது முதலில் வந்த பேச்சு. அந்தத் துப்பாக்கியே மணல்காரன் வாங்கிக் கொடுத்ததுதானாம், கோர்ட்ல மாத்திச் சொல்லப் போறாராம், இது பின்னால் வந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு இவர் கடைக்குப் போய்வந்தார். ஊரில் இருந்துகொண்டே ஊரில் இல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். கஷ்டமாகத்தான் இருந்தது.

கடை வாசல் வந்தது. ஷட்டர் மூடியிருந்தது, அதைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். சாக்கடைக்கு மேல் போட்ட கல்பலகை. அதைப் பார்க்காமல் தாண்டிவிடலாம் என்று தினமும் நினைக்கிறார், கால் தாண்டும், கண் தாண்டாது. அன்றைக்கு ஒரு அம்மாளுக்குக் குடம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு. இசக்கிராஜ் இந்த வழியாகத்தான் வந்தான். எப்போதும் கைலியில் திரிகிற பயல் அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள் என்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், வேகமாக நடக்கத் தோதாக மடித்துக் கட்டியிருந்தான், கக்கத்தில் காகிதக் கட்டு. அப்படியே போயிருக்கலாம். போயிருக்கலாமே! இவரைப் பார்த்தான். பார்த்ததும் மடிப்பை உதறி விட்டுவிட்டு, "வாரேன் அண்ணாச்சி, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும்" என்றான். நல்லபடியா போயிட்டு வா என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பைக்குகள் வந்தன. அவன் ஓடினான். அந்த வயசில், அந்தக் காலில், மடித்துக் கட்டியிருந்தால் அவனை யாராலும் பிடித்திருக்க முடியாது, ஊருக்கே தெரியும் அவன் எப்படி ஓடுவான் என்று. வேட்டி காலைச் சுற்றியது. கல்பலகையில் தடுக்கி விழுந்தான். அப்புறம் நடந்ததைப் போலீசிடம் சொல்லியாயிற்று, வக்கீலிடம் சொல்லியாயிற்று, யார் எந்தப் பக்கம், யார் கையில் என்ன, எல்லாம். பஜாரில் ஷட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. தன் ஷட்டரை இவர் இறக்காததைப் பெரிய தைரியம் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. கையில் குடம் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. ஆனால் யாருக்காக அவன் வேட்டியை இறக்கினான் என்பதை மட்டும் போலீசிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, பிரமுவிடம்கூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாரா? எனக்கு ஒரு மரியாதை கொடுக்கப் போய்ச் செத்தான் என்று எந்த வாயால் சொல்வது.

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. வேப்பமர நிழலில் நின்றார், முதுகுக்கு மரம், அதுவும் யாரோ சொன்னதுதான். எதிரே பஞ்சர் கடைக்கு முன்னால் ஒரு பைக், அதில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பைக்கில் ஏன் வருகிறார்கள்? பஞ்சர் பார்க்கிறவர்களாக இருக்கலாம். பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. கை முழங்காலுக்கு மேல், வேட்டி மடிப்பின் ஓரத்தில் நின்றது. எட்டுகிறது. எட்டும். பயப்படாதே. அந்த நேரத்தில்தான் கீழத்தெரு முக்கில் பேச்சித்தாய் திரும்பினாள், மஞ்சள் பையும் கையுமாக. இசக்கிராஜின் அம்மா. அவளும் கோர்ட்டுக்குத்தான் வருவாள், வராமல் இருப்பாளா, இந்தப் பஸ்ஸுக்குத்தான் வருவாள் என்று தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? ஓடிவிடலாமா என்றிருந்தது. பைக்கில் இருந்தவர்களைவிட இவளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. மகனுடைய வருஷத் திதிக்கு இவர் போயிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். வாசலில் பந்தல், உள்ளே மாலை போட்ட படம், அத்தனை ஆம்பிளைகளும் வேட்டியை இறக்கிவிட்டு நிற்கிற இடத்தில் இவர் மட்டும் மடித்துக் கட்டியபடி. அந்தத் தெரு முனையிலும் அன்றைக்கு ஒரு பைக் நின்றது, அதற்காகத்தான், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சித்தாய் பீடி சுற்றிக் காய்த்த விரல்களைக் கோர்த்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அவள் பார்த்தது முழங்காலை. இவர் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது, கல்லாவில் உட்காரும்போது, தூங்கப் போகும்போது அந்தப் பார்வை வந்து முழங்காலில் நிற்கிறது. இவன் விலை போய்விட்டான் என்று நினைத்திருப்பாள். என் பிள்ளைக்கு முன்னால் வேட்டியை இறக்காதவன் என் பிள்ளைக்காக வாயைத் திறக்கவா போகிறான் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், இன்றைக்குக் கூண்டில் ஏறியதும் தெரிந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை.

அவள் ரோட்டைக் கடந்து நேராக இவரைப் பார்த்து வந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பாள் என்று நினைத்தார். நிற்கவில்லை. எதிரே வந்து நின்று "அண்ணாச்சி" என்றாள்.

கைதான் செய்தது. இவர் ஒன்றும் நினைக்கவில்லை. மடிப்பை உதறியது, வேட்டி சரசரவென்று இறங்கிக் கணுக்காலைத் தொட்டது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் இன்னொரு ஆளுக்கு முன்னால் துணி காலில் பட்டபோது உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதே நேரத்தில் எதிரே பைக் நின்ற இடத்திலேயே உறுமுகிற சத்தமும் கேட்டது. இனி எட்டாது. எட்டாவிட்டால் போகட்டும் என்று நினைத்தார், நிஜமாகவே நினைத்தார்.

"சாப்ட்டியளா?" என்றாள் பேச்சித்தாய்.

"ஆச்சு தாயி." ஆகவில்லை.

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. குரலை மட்டும் இறக்கினாள். "வேட்டிய மடிச்சுக் கெட்டுங்க."

"இருக்கட்டும் தாயி."

"கெட்டுங்க அண்ணாச்சி. எதுத்தாப்புல ரெண்டு பேரு நிக்கானுவ, பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். அன்னைக்கு, திதி வீட்ல, நான் வேணுமின்னு..." மேலே வரவில்லை. வாய் கோணிக்கொண்டது.

"எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அப்படி நின்னியளே, அதப் பாத்த பொறவுதான் எனக்கு உசுரே வந்துச்சு. இவுக சாக்கிரதையா இருக்காக, கோர்ட்டுக்கு வந்துருவாகன்னு உள்ள போயி அவன் படத்துக்கிட்டச் சொன்னேன்." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். கீழே, அவருடைய காலைச் சுற்றிக் கிடந்த வேட்டிக் கரையைப் பார்த்தாள். "எறக்கி விட்டவன் ஒருத்தன் போதும் அண்ணாச்சி."

யாருக்காக இறக்கிவிட்டான் என்று அவள் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அவளுக்கு எப்போதோ தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் குடம் வாங்க வந்த அம்மாள் சொல்லியிருக்கலாம், இல்லை, பெற்றவளுக்குத் தன் பிள்ளை யாரைப் பார்த்தால் வேட்டியை இறக்குவான் என்று யாரும் சொல்லவா வேண்டும். தெரிந்தும் அண்ணாச்சி என்கிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். கூண்டில் ஏறியதும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், எனக்கு மரியாதை கொடுத்தான், அதனால் ஓட முடியவில்லை என்று, அப்புறம்தான் மற்றதெல்லாம். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை. தூரத்தில் பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. திருமலைக்கொழுந்து குனிந்து வேட்டியின் இரண்டு முனைகளையும் எடுத்தார், அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முன்னாலேயே, முழங்கால் தெரிய மடித்துக் கட்டினார்.